டெல்டா எங்கே முடிகிறது? மண்டலம் பிரிக்கக் கற்றுக்கொள்ள ஒரு வழி

"டெல்டா மாவட்டங்களில் கனமழை", "டெல்டா விவசாயிகள் மறியல்" என்று நாளிதழில் தினமும் படிக்கிறோம். அந்த டெல்டா எந்த ஊரோடு முடிகிறது? லால்குடி டெல்டாவா? பட்டுக்கோட்டை? காரைக்கால்? வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு நான் ஓரமாக நின்றுவிடுவேன். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் நான்கு கட்சியாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருப்பார்கள். புவியியலில் 'மண்டலம்' என்ற பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் கும்பகோணம் பக்கம் புவியியல் பாடம் எடுப்பவள். மண்டலங்கள் மூன்று வகை என்று புத்தகங்கள் சொல்கின்றன: ஒரே தன்மையால் அமைவது, ஒரு மையத்தோடு உள்ள தொடர்பால் அமைவது, மக்கள் மனத்தில் இருப்பது. ஆங்கிலத்தில் ஃபார்மல், ஃபங்ஷனல், வெர்னாகுலர். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து "இதில் ஒரு மண்டலம் பிரித்துக் காட்டு" என்றால் பென்சில் அப்படியே நிற்கிறது. அந்தப் பென்சிலை நகர்த்தத்தான் இந்தக் கட்டுரை. எனக்குத் தெரிந்த நிலம் காவிரி டெல்டா என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் ஊரில் செய்து பாருங்கள்.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

தரையில் ஆறு இருக்கிறது, மண் இருக்கிறது, சாலை இருக்கிறது. மண்டலம் கிடையாது. அதை நாம்தான் வரைகிறோம், ஒரு கேள்விக்குப் பதில் தேடி வரைகிறோம். அதனால் வரைபடத்தைத் தொடும் முன்பு, உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் நோட்டின் மேல் பக்கம் எழுதுங்கள். "டெல்டா எது?" என்று எழுதினால் அது கேள்வியே இல்லை. இப்படி எழுத வேண்டும்: காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல் எதுவரை இருக்கிறது? மேட்டூரில் திறந்த தண்ணீர் எந்த வயல்களுக்குப் போகிறது? எந்த ஊர்க்காரர்கள் தங்களை டெல்டாக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள்?

மூன்றும் வேறு வேறு கேள்விகள். மூன்றுக்கும் மூன்று படம் வரும். எந்தக் கேள்வி என்று முடிவாகிவிட்டால், எந்த வகை மண்டலம் என்பது தானாகவே முடிவாகிவிடும்.

ஒரே தன்மை: மண்ணிலிருந்து தொடங்கலாம்

முதல் கேள்வியை எடுப்போம். வண்டல் இருக்கும் இடமெல்லாம் உள்ளே, இல்லாத இடம் வெளியே. இதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். எந்த அளவோடு உள்ளே முடிந்து வெளியே தொடங்குகிறது என்று சொல்லும் ஒரு வெட்டுப்புள்ளியும் அதற்கு வேண்டும்.

ஆய்வகம் இல்லாமல் கையாலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீர் விட்டுக் கொழுக்கட்டை மாவு பதத்துக்குப் பிசையுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, மெல்ல மேலே தள்ளித் தள்ளி நாடாவாக நீட்டுங்கள். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியும் ஒடியாமல் தொங்கினால் அது களிமண். இரண்டரை சென்டிமீட்டருக்கு முன்பே ஒடிந்து விழுந்தால் களி குறைந்த மண். தஞ்சாவூருக்குக் கிழக்கே அம்மாபேட்டை, நீடாமங்கலம் பக்கம் வயல் மண்ணை இப்படிச் செய்து பாருங்கள். அப்புறம் தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் போய் அங்கேயும் செய்யுங்கள். வல்லம் மேட்டுநிலம், செம்மண், செம்புரைக்கல். பஸ்ஸில் போனால் அரை மணி நேரப் பயணம்தான், ஆனால் நிலத்தின் பிறவியே வேறு. வண்டலை வைத்துப் படம் வரைந்தால் வல்லம் டெல்டாவுக்கு வெளியே நிற்கும். தஞ்சாவூர் நகரமே டெல்டாவின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

இப்படி ஒரே ஒரு அம்சத்தை வைத்துப் பிரிப்பது எளிது. பல அம்சங்களைச் சேர்க்கும்போதுதான் வேலை கூடும். மண், மழை, பாசனம், பயிர் முறை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தமிழ்நாட்டை ஏழு வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரி டெல்டா, தெற்கு, அதிக மழை, மலை. இதை நீங்களே செய்ய ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு ட்ரேசிங் தாள் எடுங்கள். ஒன்றில் மண், ஒன்றில் மழை அளவு, ஒன்றில் பயிர். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். கோடுகள் நெருங்கி ஒட்டிப்போகும் இடத்தில் எல்லை உறுதியானது. கோடுகள் விலகி விலகிப் போகும் இடத்தில் எல்லை இழுபறியானது. கணினியில் செய்பவர்களுக்கு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதிலும் இதே வேலைதான். ஆனால் முதல் தடவை தாளில் செய்யுங்கள் என்று வற்புறுத்துவேன். எல்லை எங்கே சண்டை போடுகிறது என்பது கைக்குத் தெரிய வேண்டும்.

நம் திணைப் பிரிப்பும் இந்தப் பல அம்ச வகைதான். நிலம், பொழுது, தெய்வம், உணவு, தொழில், பறை என எல்லாம் சேர்ந்துதான் மருதம் மருதமாகிறது. பாலை மட்டும் அங்கே தனி நிலமாக இல்லாமல், முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்த நிலையாகச் சொல்லப்படுகிறது. பருவத்தோடு மாறும் எல்லையை ஒரு வகைப்பாட்டுக்குள் கொண்டுவந்த அந்தச் சிந்தனை எனக்கு இன்றும் வியப்புதான்.

வெட்டுப்புள்ளி விஷயத்துக்கு வருகிறேன், இதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. காலநிலை அறிஞர் கோப்பென் 1884-ல் தொடங்கி வைத்த காலநிலை வகைப்பாட்டில், அரை வறண்ட பகுதியைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்டு சராசரி வெப்பநிலையை 20-ஆல் பெருக்க வேண்டும். ஆண்டு மழையில் 70 சதவீதமோ அதற்கு மேலோ கோடை அரையாண்டில் பெய்தால் 280 கூட்டவும், 30 முதல் 70 சதவீதத்துக்குள் என்றால் 140, அதற்கும் குறைவென்றால் எதுவும் வேண்டாம். சராசரி 28 டிகிரி, மழை இரண்டு அரையாண்டுகளிலும் பரவலாகப் பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 560 கூட்டல் 140, மொத்தம் 700 மில்லிமீட்டர். ஆண்டு மழை இதற்குக் கீழே போனால் அந்த ஊர் வறண்ட வகுப்புக்குள் வந்துவிடும். 700-இல் பாதிக்கு மேல் பெய்தால் அரை வறண்டது, பாதிகூட இல்லையென்றால் பாலைவன வகை. அப்படியானால் 690 பெய்த ஊர் ஒரு மண்டலத்தில், 710 பெய்த பக்கத்து ஊர் இன்னொரு மண்டலத்தில். வயலில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் கோப்பென் தவறு என்று ஆகிவிடாது. எந்தக் கணக்கால் பிரித்தோம் என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், யார் வேண்டுமானாலும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் வெட்டுப்புள்ளியும் அப்படித்தான் வெளியே தெரிய வேண்டும்.

மையமும் தொடர்பும்: தண்ணீர், பஸ், கோர்ட்டு

இரண்டாவது வகையான செயல்பாட்டு மண்டலத்தில் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. எது எங்கிருந்து எங்கே போகிறது என்றுதான் பார்க்கிறோம். ஒரு மையம் இருக்கும். அதிலிருந்து தண்ணீரோ, ஆட்களோ, சரக்கோ, ஆணைகளோ ஓடும். அந்த ஓட்டம் நிற்கும் இடம்தான் எல்லை.

டெல்டாவில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறது. தண்ணீர் முக்கொம்பு வந்து, கல்லணை வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. பிறகு கிளை ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று இறங்கி இறங்கிக் கடைமடைக்குப் போகிறது. கடைமடை என்ற சொல்லே ஒரு செயல்பாட்டு மண்டலத்தின் விளிம்பைக் குறிப்பதுதான்.

இங்கே கவனியுங்கள். கல்லணைக் கால்வாய் 1934-ல் மேட்டூர்த் திட்டத்தோடு சேர்ந்து வந்தது. தஞ்சாவூர் நகரத்துக்குள் புகுந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாகப் புதுக்கோட்டை மாவட்டம் வரை போகிறது. மக்கள் அதைப் புது ஆறு என்கிறார்கள். அந்தப் பக்கத்து நிலத்தில் பெரும்பகுதி பழைய காவிரி வண்டல் அல்ல, மேட்டு நிலம். மண்ணைக் கேட்டால் அது டெல்டா இல்லை. தண்ணீரைக் கேட்டால் டெல்டாதான். நீர்வளத்துறைக்காரர்களும் விவசாயிகளும் 'பழைய டெல்டா', 'புதிய டெல்டா' என்று பிரித்துச் சொல்வது இதனால்தான். முதல் படத்தையும் இரண்டாவது படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், இரண்டுக்கும் நடுவே வெளியே துருத்திக்கொண்டு தெரியும் பகுதிதான் புதிய டெல்டா. மாணவர்கள் அதைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நகரங்களின் ஈர்ப்பை அளக்கவும் வழி உண்டு. 1931-ல் வில்லியம் ரெய்லி என்பவர் சில்லறை வணிகத்துக்கு ஒரு ஈர்ப்பு விதி சொன்னார். அதிலிருந்து பிற்பாடு பால் கன்வர்ஸ் எடுத்துத் தந்த சூத்திரம் இது: பெரிய ஊர் மக்கள்தொகையைச் சிறிய ஊர் மக்கள்தொகையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணால் இரண்டு ஊர்களுக்கு நடுவில் உள்ள தூரத்தை வகுத்தால், சிறிய ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரை அதன் பிடி என்று தெரியும். திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் சுமார் 56 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாநகரம் ஏறக்குறைய 8.5 லட்சம், தஞ்சாவூர் 2.2 லட்சம். 8.5-ஐ 2.2-ஆல் வகுத்தால் 3.86, அதன் வர்க்கமூலம் 1.96, ஒன்று கூட்டினால் 2.96. 56-ஐ 2.96-ஆல் வகுத்தால் 19. தஞ்சாவூரிலிருந்து திருச்சி ரோட்டில் 19 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ செங்கிப்பட்டி.

கணக்கு செங்கிப்பட்டி என்கிறது. அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். செங்கிப்பட்டி கடைத்தெருவில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்காருங்கள். கல்யாண ஜவுளி எங்கே எடுப்பீர்கள், எலும்பு முறிந்தால் எந்த ஆஸ்பத்திரி, பிள்ளைகள் எந்தக் கல்லூரி, வேலைக்கு எந்தப் பக்கம் பஸ் ஏறுவீர்கள் என்று நான்கு கேள்வி கேளுங்கள். நான்குக்கும் ஒரே பதில் வராது. ஆஸ்பத்திரிக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி என்பவர், வேலைக்குத் துவாக்குடி, திருவெறும்பூர் தொழிற்சாலைப் பக்கம் போகிறவராக இருப்பார். ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு எல்லை. "தஞ்சாவூரின் செயல்பாட்டு மண்டலம்" என்று மொட்டையாக எழுதாமல், "தஞ்சாவூர் மருத்துவ சேவை மண்டலம்" என்று எழுதப் பழகுங்கள்.

நிர்வாகத்திலும் இந்த ஓட்டம் வினோதமாக வெட்டிக்கொண்டு போகும். 2004-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தொடங்கியபோது தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் கீழ் போனது. பக்கத்திலேயே இருக்கும் திருவாரூர், நாகப்பட்டினம் சென்னையோடு இருக்கின்றன. ஒரே வாய்க்கால் தண்ணீர் குடிக்கும் இரண்டு கிராமங்களில் வழக்கு என்று வந்தால் ஒருவர் தெற்கே போக வேண்டும், இன்னொருவர் வடக்கே. காட்டுமன்னார்கோவிலைப் பாருங்கள். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரி நிரம்புகிறது, அந்தத் தண்ணீர் 2004 முதல் குழாயில் சென்னைக்குப் போகிறது. குடிநீர் ஓட்டத்தை வைத்து வரைந்தால் வீராணம் சென்னையின் மண்டலம். பாசன ஓட்டத்தை வைத்தால் காவிரியின் மண்டலம். இரண்டு படமும் சரி.

மாவட்டம் எந்த வகை என்று தேர்வில் கேட்பார்கள். உள்ளே முழுவதும் ஒரே நிர்வாகம், ஒரே சட்டம் என்று பார்த்தால் ஒரே தன்மை மண்டலம். கலெக்டர் அலுவலகத்தை மையமாக வைத்து மனுவும் ஆணையும் ஓடுவதைப் பார்த்தால் செயல்பாட்டு மண்டலம். நான் முதலாவதை எழுதச் சொல்வேன், காரணத்தோடு எழுதச் சொல்வேன். காரணம் இல்லாத விடைக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது.

மக்கள் மனத்தில் இருக்கும் எல்லை

மூன்றாவது வகையைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அளவுகோல் இல்லாதது, ஆளுக்கு ஆள் மாறுவது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கொங்கு, செட்டிநாடு, டெல்டா என்ற பெயர்களால்தான் மனிதர்கள் பெண் பார்க்கிறார்கள், ஓட்டுப் போடுகிறார்கள், கோபப்படுகிறார்கள். அதை அளக்கவும் முடியும்.

புவியியலாளர் வில்பர் ஸெலின்ஸ்கி 1980-ல் வட அமெரிக்காவுக்கு அதைச் செய்தார். தொலைபேசிப் புத்தகங்களை எடுத்து, கடைகளும் நிறுவனங்களும் தங்கள் பெயரில் எந்த வட்டாரப் பெயரை வைத்திருக்கின்றன என்று நகரம் நகரமாக எண்ணினார். நம் ஊரில் இன்னும் சுலபம், பெயர்ப் பலகைகள் தெருவிலேயே இருக்கின்றன. ஒரு கடைத்தெருவில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து, டெல்டா, காவிரி, சோழா என்று தொடங்கும் பலகைகளை ஒரு பத்தியிலும், வேறு வட்டாரப் பெயர்களை இன்னொரு பத்தியிலும் குறியுங்கள். அதையே கும்பகோணம், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, புதுக்கோட்டை என்று டெல்டாவை விட்டு விலகிப் போகப் போகச் செய்யுங்கள். எந்த ஊரில் ஒன்று குறைந்து மற்றது ஏறுகிறது என்று பாருங்கள்.

ஆட்களிடம் கேட்கும்போது "இது டெல்டாவா?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். "டெல்டா இந்தப் பக்கம் எந்த ஊரோடு முடியுதுங்க?" என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் வரும், அதை வரைபடத்தில் புள்ளியாக வைக்கலாம். பதில் சொன்னவருக்கு ஆற்றுப் பாசனமா, பம்ப்செட்டா, ஏரியா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வயதையும் குறியுங்கள். நாகப்பட்டினம் 1991-லும் திருவாரூர் 1997-லும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முன் வளர்ந்தவர்கள் இன்னும் "ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டம்" என்றே நினைக்கிறார்கள், அவர்களுக்கு டெல்டாவும் அதுவும் ஒன்றுதான்.

இப்படி எல்லை சொல்வது புதிது அல்ல. சோழநாட்டுக்குக் கிழக்கே கடல், தெற்கே வெள்ளாறு, மேற்கே கோட்டைக்கரை, வடக்கே இன்னொரு வெள்ளாறு என்று பழைய தனிப்பாடல் ஒன்று சொல்கிறது. உங்கள் புள்ளிகளைச் சேர்த்து வரைந்த பிறகு அந்த எல்லையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லைக்கோட்டை எப்படிப் போடுவது

புள்ளிகள் வந்துவிட்டன. ஒரே கனத்த கோடாகப் போடத் தோன்றும். வேண்டாம். புவியியலாளர் டொனால்ட் மைனிங் 1965-ல் அமெரிக்க மேற்கில் மார்மன் என்ற மதப் பிரிவினரின் பண்பாட்டு மண்டலத்தை விளக்கியபோது அதை மூன்று வளையமாகப் பிரித்தார்: கரு, ஆதிக்கப் பரப்பு, செல்வாக்கு விளிம்பு. டெல்டாவுக்கு இது அப்படியே பொருந்தும். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர் ஆகியவை எந்தக் கேள்வி கேட்டாலும் உள்ளே வரும். அது கரு. பட்டுக்கோட்டை, லால்குடி, காட்டுமன்னார்கோவில் பெரும்பாலான கேள்விகளுக்கு உள்ளே. வல்லம், செங்கிப்பட்டி, அறந்தாங்கி ஒன்றிரண்டு கேள்விக்கு மட்டும். கருவை அடர்த்தியாகவும், வெளியே போகப் போக மெலிதாகவும் நிழலிடுங்கள். எல்லை உறுதியாகத் தெரியாத இடத்தில் புள்ளிக்கோடு.

ஆனால் அரசுக்கு நிழல் போதாது. சட்டத்துக்குக் கோடு வேண்டும். 2020 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் அதற்குச் சரியான பாடம். டெல்டாவில் புதிதாக எண்ணெய், இயற்கை எரிவாயு எடுப்பதையும், உருக்காலை, தாமிர ஆலை போன்றவற்றையும் அது தடுக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுவதும் உள்ளே. கடலூரில் காட்டுமன்னார்கோவில், குமராட்சி உட்பட ஐந்து ஒன்றியங்கள், புதுக்கோட்டையில் அறந்தாங்கி, மணமேல்குடி உட்பட ஐந்து ஒன்றியங்கள். முதலில் அறிவித்தபோது திருச்சி, கரூர், அரியலூரின் டெல்டாப் பகுதிகளும் சொல்லப்பட்டன. சட்டமாக வந்தபோது அவை இல்லை.

இப்போது உங்கள் மூன்று படங்களையும் இந்தச் சட்டப் படத்தின் மேல் வையுங்கள். செம்மண் பூமியான செங்கிப்பட்டி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருப்பதால் உள்ளே. பெருவளை வாய்க்காலிலும் அய்யன் வாய்க்காலிலும் காவிரித் தண்ணீர் பாயும் லால்குடி வட்டாரம் வெளியே. காரைக்கால் நான்கு பக்கமும் டெல்டாவும் கடலுமாக இருந்தும் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது என்பதால் இந்தச் சட்டம் அங்கே செல்லாது. வானிலைத் துறையோ தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றையும் ஒரே உட்பிரிவாக வைத்திருக்கிறது. லால்குடி விவசாயி ஒருவருக்கு 'மண்டலம்' என்பது பரீட்சைப் பாடம் அல்ல, அவர் நிலத்துப் பக்கத்தில் என்ன வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் கோடு. மண்டலம் பிரிப்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்: எந்த அளவுகோலால் பிரித்தார்கள் என்று கேட்கத் தெரிந்தவரால்தான் அந்தக் கோட்டைக் கேள்வி கேட்க முடியும்.

அலகு பற்றி ஒரு வார்த்தை. அரசு ஒன்றியத்தை அலகாக எடுத்ததால் எல்லை ஒன்றிய எல்லையிலேயே மடங்கி மடங்கிப் போகிறது. நீங்கள் கிராமத்தை அலகாக எடுத்தால் வேறு வடிவம் வரும், மாவட்டத்தை எடுத்தால் இன்னொன்று. கிடைக்கும் அலகுகளில் சிறியதை எடுங்கள்.

படத்தை முடிக்கும்போது கீழே நான்கு விவரம் எழுதியே ஆக வேண்டும்: கேள்வி, அளவுகோலும் வெட்டுப்புள்ளியும், அலகு, தேதி. தேதியை யாரும் போடுவதில்லை. மயிலாடுதுறை 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக வந்தது, வேளாண் மண்டலச் சட்டத்தில் அதன் பெயரைச் சேர்க்க 2023-ல் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. நாகப்பட்டினம் என்று மட்டும் எழுதிய தேதியில்லாத படத்தைப் பார்ப்பவருக்கு, சீர்காழி அதில் உள்ளதா இல்லையா என்று சொல்லவே முடியாது.